ஜன்னலோரக் கட்டில்

தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பொறியாளராக இருந்தேன். தாம்பரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் இணையம் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்க்காமலேயே காரணம் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் பழக்கம்தான் என் மனைவியிடம் என்னைப் பொய் சொல்ல வைத்தது.

அவளுக்குச் சிறுநீரகம் பழுது. செவ்வாய், வியாழன், சனி மதியங்களில் மேடவாக்கம் சாலையில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. பொழுது போகட்டும் என்று பாட்டுச் செயலி ஒன்றில் கணக்குத் தொடங்கி, அவள் கைப்பேசியிலும் என்னுடையதிலும் அதே கணக்கைப் போட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கடற்கரைக் குப்பத்திலிருந்து வரும் மீன்கார அம்மா. காதில் செருகும் கம்பியில்லாக் குமிழ்கள் இரண்டில் ஒன்றை என் மனைவி அவருக்குக் கொடுத்துவிடுவாள். ஒரு பாட்டு, இரண்டு பேர், ஆளுக்கு ஒரு காது. என்ன பாட்டு என்பதில் தினமும் சண்டை.

"அழுவாச்சி பாட்டு வேணாங்க்கா. நாமளே ஊசி குத்திகினு பட்த்துகினு கீறோம். குத்துப் பாட்டா ஒண்ணு வுடு."

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அந்தக் கட்டிலால்தான்.

பிறகு பாட்டு நடுநடுவே நிற்கத் தொடங்கியது. "ஏங்க, நாலு பாட்டுக்கு ஒரு தடவை நின்னு போகுது" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "அந்த இடத்துல சுவர் மறைக்குது. சிக்னல் வராது. ஜன்னல் பக்கம் கட்டில் கேளு" என்றேன். என் தொழில் அனுபவம் முழுவதையும் அந்தக் குரலில் வைத்துத்தான் சொன்னேன். அவள் தயங்கினாள். நான்தான் நர்ஸிடம் பேசி, கூடத்தின் மறுகோடியில் ஜன்னலோரக் கட்டிலை வாங்கிக் கொடுத்தேன்.

அங்கேயும் பாட்டு நின்றது.

அவளை மையத்தில் விட்டுவிட்டு வந்து சேலையூர் ஏரிக்கரையில் நடப்பது என் வழக்கம். நடக்கும்போது நாதஸ்வரம் கேட்பேன். அதுவும் இடையிடையே நிற்கும், மறுபடி தொடுவேன். பாட்டைத் தொட்டதும் திரையில் சின்ன எழுத்தில் ஏதோ வரும். கண்ணாடி இல்லாததால் படிக்காமல் அழுத்திவிடுவேன். ஒரு வியாழக்கிழமை கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. படித்தேன். 'இந்தக் கணக்கில் வேறொரு கருவியில் பாட்டு ஓடுகிறது. அதை நிறுத்திவிட்டு இங்கே ஓட்டவா?'

கரையிலேயே நின்றுவிட்டேன். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாட்டு ஓடும். நான் இங்கே தொட்டால் அங்கே அவளுக்கு நிற்கும், அவள் தொட்டால் எனக்கு நிற்கும். பாட்டுகள் எங்கோ ஒரு பெரிய கணினியில் இருக்கின்றன. கேட்கக் கேட்கத் துண்டு துண்டாக வந்து சேர்கின்றன. யார் கேட்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது, கணக்குதான் தெரியும். அதன் கண்ணில் நானும் அவளும் ஒரே ஆள். இதற்கு முன்பே அது எனக்கு ஒரு தடயம் கொடுத்திருந்தது. நான் கேட்டதை வைத்து அவளுக்கும் நாதஸ்வரத்தையே அடுக்கிக் கொடுத்திருக்கிறது. "இன்னாக்கா, கல்யாண வூடு மாரி கீது!" என்று மீன்கார அம்மா கேலி செய்ததை அவள் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கிக்கொண்டேன். சனிக்கிழமை, "இன்னிக்கு ஒரு தடவைகூட நிக்கலைங்க" என்றாள். "ஜன்னல் பக்கம்னா சும்மாவா?" என்றேன். எழுதும்போதும் கை கூசுகிறது.

மூன்று வாரம் போயிருக்கும். அவள் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டாள். காரணம் கேட்டேன். "தனியா என்னத்தைக் கேக்கறது? அந்தம்மா என்கிட்ட முகம் கொடுத்தே பேசறதில்லை" என்றாள்.

அடுத்த செவ்வாய் அவளை மையத்தில் விட்ட பிறகு நான் ஏரிக்கரைக்குத் திரும்பிப் போகவில்லை. மீன்கார அம்மாவிடம் போய் நின்றேன். நான் வாய் திறக்கும் முன் அவரே ஆரம்பித்தார். "இன்னா சார், உன் வூட்டம்மாக்கு எங்க மேல மீன் நாத்தம் அடிச்சிதா? சொல்லாம கொள்ளாம அந்தாண்ட பூட்ச்சி."

அப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருவருக்கும் கேட்கும்படி, கூடத்தின் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்: பாட்டை நிறுத்தியது நான், சிக்னல் என்று சொன்னது தவறு, தெரிந்த பிறகும் மறைத்தது பொய்.

"டெலிபோன் ஆபீசுல இதான் வேலை பாத்தியா சார் நீ?" என்றார் மீன்கார அம்மா. நர்ஸ் சிரித்துவிட்டாள். என் மனைவி சிரிக்கவில்லை. "முதல்ல சொன்னது தப்பு, அது பரவாயில்லை. மூணு வாரம் நான் வாடிப் போய்க் கிடந்ததைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களே" என்றாள்.

பழைய கட்டிலில் இப்போது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். இடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் மடியில் கைப்பேசியில் கிரிக்கெட். "ஜன்னல் பக்கம் சிக்னல் நல்லா இருக்குமா சார்?" என்றார்.

ஆமாம் என்றால் அந்த நிமிடமே ஒத்துக்கொண்டிருப்பார். என் மனைவி மறுகோடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லா இடமும் ஒண்ணுதான் சார். இங்க இருக்கறதுதான் அங்கேயும்" என்றேன்.

"அப்ப நான் எதுக்கு மாறணும்?"

அவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "வியாழக்கிழமை பார்க்கலாம்" என்று கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார்.

வியாழக்கிழமை நாங்கள் போனபோது ஜன்னலோரத்தில் அவர் படுத்திருந்தார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்காமல் பழைய கட்டிலுக்குப் போனாள். ஊசி ஏற்றியதும் ஒரு குமிழை எடுத்து நர்ஸிடம் கொடுத்தாள். நர்ஸ் அதை மீன்கார அம்மாவின் காதில் செருகினாள்.

"கல்யாண மோளம் வந்துச்சினா எந்திரிச்சி பூடுவேன், சொல்ட்டேன்" என்றார் அவர்.

வராது. அவள் கேட்கும் அந்தப் பழைய கணக்கை என் கைப்பேசியிலிருந்து நானே எடுத்துவிட்டேன்.