மூன்று மாதம் தூக்கக் கூடாது

பிரசவத்தின்போது வயிற்றில் தையல் போட்ட இடம் இரண்டு வருடம் கழித்துப் புடைத்துக்கொண்டு வந்தது. நின்றால் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரியும். படுத்தால் உள்ளே போய்விடும். தென்காசியில் நான் காட்டிய டாக்டரம்மா, உள்தையல் விட்டுப்போய்க் குடல் அந்த வழியாகப் பிதுங்குகிறது, ஹெர்னியா, என்றார். வெறுமனே திரும்பத் தைத்தால் மறுபடியும் விட்டுப்போகலாம், உள்ளே வலை வைத்துத்தான் தைக்க வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். கொசுவலை மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. அந்தக் கட்டங்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ள நாளாகும், மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது. "பிள்ளையையும்தான்" என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. கையை மேலே நீட்டி நிற்பாள். நான் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் ஏற்றிக்கொள்வேன். அது அவளுக்குப் போதாது. தூக்கினால்தான் தூக்கியது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அத்தை, அதாவது கணவரின் அம்மா, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"ஹெர்னியான்னு வெளிய சொல்லாத. மூடை தூக்குத ஆம்பளைக்கு வாரது அது. பொம்பளைக்கு வந்திருக்குன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ."

நான் எம்.எஸ்சி. படித்தவள். சிசேரியன் ஆன பெண்களுக்கும் இது வரும் என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் இன்னொரு பேச்சைத் தொடங்க எனக்குத் தெம்பு இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சின்ன ஆபரேஷன் என்றோம்.

ஒன்பதாவது வாரம் சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் தென்காசியில் இருக்கிறவர்கள் வீட்டில் விருந்து இறங்கும். எங்களுக்கு வந்தது கணவரின் அக்கா, மதுரையிலிருந்து, இரண்டு பிள்ளைகளோடு, பத்து நாளைக்கு. மதினி என்று நான் கூப்பிடும் அவர் நல்ல உழைப்பாளி. வந்த மறுநாளே அடுப்படிக்குள் வந்து நின்றுவிட்டார். அதனால்தான் எல்லாம் அவர் கண்ணில் பட்டது.

"ஏலே, ஒம் பொண்டாட்டி கொடத்தத் தூக்கமாட்டா, குக்கர எறக்கமாட்டா, சரி. பெத்த பிள்ளையக்கூடவா தூக்கமாட்டா?" என்று தம்பியிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆபரேஷன் ஆயிருக்குல்லாக்கா."

"எனக்கு ரெண்டு சிசேரியன் ஆச்சு. பதினஞ்சாம் நாளு மாவாட்டுனேன். மதுரைக்குப் போயி சொகுசுக்காரி ஆயிட்டேன்னு நெனச்சியோ?"

அவர் சிரித்தார். அத்தை என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். நான் குளிக்காமல் மாற்றுத்துணிகளோடு ஓரமாக நின்றேன். மகளை மதினி உள்ளே கூட்டிப்போனார். தண்ணீரின் சத்தத்தில் பயந்து, நனைந்த கையோடு என்னிடம் ஓடி வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தரை முழுக்க ஈரம், உட்கார இடமில்லை. ஆனால் அதற்காகத் தூக்கினேன் என்று சொன்னால் பொய். குனிந்து அணைத்திருக்கலாம். பத்தடி நடந்தால் உட்காரத் திண்டு இருந்தது. மதினி தலைமுடியைப் பிழிந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறார் என்பதற்காகத் தூக்கினேன்.

இடுப்பில் வைத்தவுடன் அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்தது. மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். "அப்படிப் போடு" என்றார் மதினி, பிரியமாகத்தான். வண்டி வரைக்கும் இறக்கவில்லை.

மறுநாள் காலையில் தனியாக டாக்டரம்மாவிடம் போனேன். வலை பிய்ந்திருந்தால் மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டும், மகளுக்கு மறுபடியும் மூன்று மாதம் அம்மா இல்லை. பஸ்ஸில் இதையே கணக்குப் போட்டபடி போனேன்.

"இருமுங்க" என்றார், தையலின் மேல் விரலை வைத்து. இருமினேன். "எதையாவது தூக்கினீங்களா?"

"இல்லை" என்றேன். அவர் விரலை எடுக்கவில்லை. "பிள்ளையை" என்றேன்.

"ஏன்?"

"சும்மாதான், டாக்டர்."

"இப்போ எதுவும் பிதுங்கலை. அதுக்காக ஒண்ணும் ஆகலைன்னு எழுதிக் கொடுக்க முடியாது. ஒரு மாசம் கழிச்சு வாங்க, பார்ப்போம். நடுவுல வலியோ வீக்கமோ வந்தா உடனே வாங்க. வீட்ல யாரும் உதவிக்கு இல்லையா?"

இருக்கிறார்கள் என்றேன். இருக்கத்தான் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தையும் மதினியும் அடுப்படியில் இருந்தார்கள். செருப்பைக் கழற்றியதும் சொல்லிவிட்டேன், யோசித்தால் மாட்டேன் என்று தெரியும். "மதினி, எனக்கு ஆனது ஹெர்னியா ஆபரேஷன். உள்ள வலை வச்சிருக்கு. நேத்துப் பிள்ளையத் தூக்குனது தப்பு."

அத்தை புளியைக் கரைப்பதை நிறுத்தவில்லை.

"ஏட்டி, இத முன்னமே சொல்லுததுக்கு என்ன? சொல்லியிருந்தா நான் தூக்கியிருப்பேம்லா" என்றார் மதினி. பிறகு அம்மாவிடம் திரும்பி, "ஒங்க வேலதான இது?" என்றார்.

மத்தியானத்துக்குள் மதினி போன் போட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கடையநல்லூரிலிருந்து ஒரு சித்தி, செங்கோட்டையிலிருந்து இன்னொரு சித்தி என்று வரிசையாக விசாரித்தார்கள். அதில் ஒருவர், தனக்கும் அதே இடத்தில் ஐந்து வருடமாகப் புடைத்திருக்கிறது, யாரிடமும் காட்டியதில்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். டாக்டரம்மா இருக்கும் தெருவுக்கு வழி சொன்னேன்.

போனை மதினியிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். ஆபரேஷன் ஆன முதல் சில நாளைத் தவிர, பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு வேலை கிடக்க நான் படுத்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. மகள் வெளியே மதினியின் இடுப்பில் ஏறிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். வயிற்றின் மேல் கையை வைத்து, யாருக்கும் கேட்காமல் இருமிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சரியாகத்தான் வைத்தேனா என்று கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தி இன்னொரு தடவை இருமினேன்.