திரும்பி வராத பாத்திரங்கள்

அக்டோபரில், தாங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை காலை, ஓரெஸ்ட்டின் பிக்கப் வண்டி எங்கள் தெருவை விட்டுப் போனது. ஓட்டிப் போனவன் அவருடைய மகன் டாரில். ஓரெஸ்ட் வீட்டுச் செருப்போடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி தானியக் கிடங்கைத் தாண்டி மறைந்த பிறகும் உள்ளே போகவில்லை.

"உங்க நல்லதுக்குத்தான்பா!" என்று டாரில் கத்தியது எதிர்வீட்டில் இருந்த எனக்கே கேட்டது. அவருக்குக் காது மந்தம். மனைவி ஐரீன் இறந்தது அந்தக் கோடையில்தான். அதற்குப் பிறகு அவர் செய்த ஒரே குற்றம், தபால் நிலையத்து வாசலில் வண்டியால் ஒரு கம்பத்தை உரசியது.

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் கனடாவின் சஸ்காச்சுவானில் இருக்கும் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். திரும்பியதும் பார்த்த முதல் காட்சி இதுதான்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். அடியில் ஒட்டுநாடாவில் பெயர் எழுதியிருக்கும். துக்க வீட்டுக்காரர் அதைக் கழுவி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போகிற இடத்தில் ஒரு காபி, கொஞ்சம் வம்பு. அப்படித்தான் மனிதர் மறுபடி ஊருக்குள் வருவார். பாதி வீடுகள் தூரத்துப் பண்ணைகளில். வண்டி இல்லாமல் முடியாது.

இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், சர்ச் கூடத்தில் உட்கார்ந்து பெரோகிக் கொழுக்கட்டை மடிக்கும்போது பெண்களுக்கு வாய் ஓயவில்லை.

"என் கண்ணாடிப் பாத்திரம் போனது போனதுதான்," என்றாள் வெர்னா. "கல்யாணத்துக்கு வந்தது. ஒரு மரியாத வேணாம்?"

"அவனுக்கு மண்டை போயிடுச்சு வெர்னா. உன்னையே யாருன்னு கேப்பான்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"என்னைக் கேக்கட்டும். பாத்திரம் யாரோடதுன்னு கேக்காம இருந்தா சரி."

கூடமே சிரித்தது. அவர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஒருத்தரும் போய்க் கதவைத் தட்டவில்லை.

நான் தட்டினேன். சாப்பாட்டு மேசை முழுக்கப் பாத்திரங்கள். பாதி கழுவி அடுக்கியிருந்தன. மீதியில் உணவு பச்சையாகப் பூத்துக் கிடந்தது. அவர் உடம்பில் சட்டை தொளதொளத்தது.

"சாப்பிடறதில்லையா?"

"எல்லாம் அட்டை மாதிரி இருக்கு. விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது. எழுந்து என்ன பண்ண, அப்படியே கெடக்கேன்."

"இதெல்லாம் யாரோடதுன்னு தெரியுமா?"

புரட்டிப் பார்க்காமலே விரல் நீட்டினார். "அது வெர்னாவோடது. அவ கையில எப்பவும் உப்பு ஜாஸ்தி. நீலப்பூ போட்டது உங்க அம்மாவோடது."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்களே வந்து எடுத்துட்டுப் போயிருப்பாங்களே?"

"ஆமா. எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மருத்துவர் கேள்விகளையெல்லாம் என் முகத்தைப் பார்த்தே கேட்டார். "இந்த வயசுல, மனைவியும் போனப்புறம், இதெல்லாம் சகஜம்," என்று தூக்க மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும் ஓரெஸ்ட் கேட்டார்: "அவரு உனக்கா வைத்தியம் பாத்தாரு?"

மனைவி போய், வண்டி போய், காது போய், முழங்கால் வலியோடு தனியாகக் கிடக்கும் மனிதருக்கு மனச்சோர்வு வருவது எதிர்பார்க்கக்கூடியதுதான். எதிர்பார்க்கக்கூடியது என்பதாலேயே அது நோய் இல்லை என்றாகிவிடுமா?

டாரிலிடம் போனில் பேசினேன்.

"பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கணும்னுகூடத் தெரியல, வெர்னாவே சொல்றா," என்றான். "மறதி நோய்தான். இங்க சிட்டியில ஒரு முதியோர் இல்லத்துல இடம் பாத்துட்டேன்."

"மறதி இல்ல டாரில், மனச்சோர்வு. அந்த வண்டியத் திருப்பிக் குடுங்க."

"ஊர் சுத்திட்டு நேத்து வந்தவ நீ. எனக்குச் சொல்றியா?"

அந்த வாரமே எல்லாவற்றையும் கழுவி, அம்மாவின் காரில் ஏற்றினோம். பக்கத்தில் உட்கார்ந்த ஓரெஸ்ட் சவரம் செய்து, சர்ச்சுக்குப் போடும் கோட்டு போட்டிருந்தார்.

"இதையெல்லாம் குடுத்து முடிச்சுட்டா, டாரில் என்னை என் வீட்லயே விட்டுடுவானா?"

வெர்னா கதவைப் பாதிதான் திறந்தாள். "உயிரோடதான் இருக்கியா ஓரெஸ்ட்?"

"உன் பாத்திரத்துக்காகத்தான்."

வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் தேடினாள். உள்ளேயிருந்து காபி வாசனை வந்தது. "குளிர் உள்ள வருது," என்று கதவைச் சாத்தினாள்.

"போதும்," என்றார் ஓரெஸ்ட். "வீட்டுக்குத் திருப்பு." பின்சீட்டில் மற்றப் பாத்திரங்கள் வழியெல்லாம் கடகடத்துக்கொண்டே வந்தன.

முதல் பனி கொட்டிய வாரம் டாரில் வந்து அவரை அழைத்துப் போனான். வீட்டைக் காலி செய்த அன்று, அதுவரை வராத ஊர் முழுக்க வந்தது. அவரவர் பாத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்ட வெர்னாவும் வந்தாள். "இனிமே யாருக்கு வேணும்?" என்று ஐரீனின் சூப்புப் பானையைத் தூக்கிப் போனாள். நீலப்பூப் பாத்திரம் மட்டும் கிடைக்கவில்லை. விட்டுத்தள்ளு என்றாள் அம்மா.

மே மாதக் கடைசியில் என் போனில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது.

"லாரிசா, ஓரெஸ்ட் பேசறேன். இங்க ஒரு டாக்டரம்மா என் மூஞ்சியப் பாத்துப் பேசறா. காது மெஷின மாத்தி, வேற மாத்திரையும் குடுத்தா. இப்பப் பசிக்குது. சாப்பாடு கண்றாவி, அது வேற விஷயம். இது என் வீடு இல்ல, ஆனா கெடக்கேன். உங்க அம்மாவோட நீலப்பூப் பாத்திரம் என்கிட்டதான் இருக்கு. கழுவி வச்சிருக்கேன். டாரில்கிட்டல்லாம் குடுத்தனுப்ப மாட்டேன். வந்து வாங்கிக்க."