நான் எடுத்துவிட்ட கல்லூரி

காலை ஒன்பது ஐம்பதுக்கு மகளின் போன் அடித்தது. வேலை கொடுத்திருந்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார். முதல் வருட மதிப்பெண் பட்டியலில் வேறொரு கல்லூரியின் பெயர் இருக்கிறது, ரெஸ்யூமில் அது இல்லையே, ஏன் என்று கேட்டார். மாறுதல் உத்தரவின் நகலும் விளக்கக் கடிதமும் நான்கு மணிக்குள் வர வேண்டும், வராவிட்டால் வேலை இல்லை. மகள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

ரெஸ்யூமிலிருந்து அந்தக் கல்லூரியின் வரியை எடுத்தது நான்தான்.

அவள் முதல் வருடம் தொலைவில் ஒரு கல்லூரியில் படித்தாள். விடுதியில் சாப்பிடவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் இளைத்துப்போனாள். இரண்டாம் வருடம் சேலத்துக்கு மாற்றினோம். ரெஸ்யூமில் அவள் இரண்டு கல்லூரிகளையும்தான் எழுதியிருந்தாள்.

நான் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் சேர்ப்பதும் பேர் எழுதுவதும் என் வேலை. ஓர் எஸ்டேட்டில் பாதியில் நின்று இங்கே வருகிறவர்கள் பழைய எஸ்டேட்டின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அங்கிருக்கும் ரைட்டரிடம் விசாரிப்போம், அவர் "வாய் ஜாஸ்தி, நிலைச்சு நிக்காது" என்பார். ஆள் கிடைத்தால் போதும் என்று நாங்களும் கேட்பதில்லை. இருபது வருடமாக இப்படித்தான். அந்தப் பழக்கத்தில், பாதியில் வந்தவள் என்று நினைப்பார்களே என்று முதல் கல்லூரியை எடுத்துவிட்டு, சேலத்தில் நான்கு வருடமும் படித்ததாக மாற்றினேன்.

"பொய்யில்லீங்களாப்பா?" என்று அன்றே கேட்டாள்.

"கேட்டாச் சொல்லிக்கலாஞ் சாமி" என்றேன்.

உத்தரவின் நகல் சேலம் கல்லூரி அலுவலகத்தில் இருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் செருப்பை மாட்டினேன்.

"நீங்க வேண்டாங்கப்பா."

அவள் பஸ் ஏறிய பிறகு மனைவி சொன்னாள்: "எஸ்டேட்டுக்கு ஆள் சேக்கற மாதிரியே பெத்த புள்ளையவும் சேத்துட்டீங்க. நொம்ப நல்லா இருக்குதுங்க."

எடை போடும் இடத்துக்குப் போனேன். காபிப் பழம் பறித்தவர்கள் வரிசையில் நின்றார்கள். அவரவர் எடையை எழுதினேன், ஆனால் கண் போனிலேயே இருந்தது.

"ஏனுங்க ரைட்டரே, என்ற பழத்த அந்தக்கா பேருல எழுதறீங்களே, அவங்க என்ன உங்களுக்கு மாமியாளுங்களா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அடித்துத் திருத்தினேன்.

நான்கு மணி ஆனது. போன் இல்லை. நானே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மலைப்பாதையில் சிக்னல் இருக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விட்டால் அவள் என்னோடு பேசுவாளா என்றுதான் மனம் திரும்பத் திரும்பக் கேட்டது.

ஆறேகால் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் வாடியிருந்தது. மனைவி ஓடிப்போய்ப் பையை வாங்கினாள்.

"என்னாச்சு கண்ணு?"

"ஒத்துக்கிட்டாங்கம்மா. ரெண்டு காலேஜையும் போட்டு வேற ரெஸ்யூம் அனுப்பச் சொன்னாங்க. அனுப்பிட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கடுதாசில உங்களப் பத்தி எழுதலீங்கப்பா. நாந்தான் மறைச்சேன்னு எழுதிட்டனுங்க."