கூறைப்புடவை ஜரிகையில் ஒரு பெயர்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்த செந்துறை செல்லப்பனுக்கு, 2005-இல் மனுஷ முகங்களைக் கண்டாலே குமட்ட ஆரம்பித்தது. நாள் முழுக்க முகங்களைப் படம் பிடித்துப் பிழைக்கிறவருக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை!

படம் எடுப்பது அவர். பிரிண்ட் போட, வைத்திலிங்கத்தின் கலர் லேபில்தான் சிடியைக் கொடுத்தாக வேண்டும். அந்த ஆளோ, ஓரத்தில் இருக்கும் செல்லப்பன் பெயரை வெட்டிவிட்டுப் படங்களைத் தன் ஷோகேஸில் மாட்டிக்கொள்வார். போய்க் கேட்டால், "எல்லாப் பொண்ணும் மாலை போட்டா ஒரே மாதிரிதாங்க இருக்கும்" என்று காவிப் பல்லைக் காட்டுவார். வெட்கங்கெட்ட சிரிப்பு.

செல்லப்பன் பிரவுசிங் சென்டரில் தேடி ஒரு சாப்ட்வேரைப் பிடித்தார். அது படத்துக்குள்ளேயே பெயரை ஒளித்து வைக்கும். கன்னத்திலோ வானத்திலோ நிறம் துளி மாறினாலும் கண் பிடித்துவிடும். ஜரிகை, பூமாலை என்று நெருக்கமாக இருக்கும் இடத்தில் மாற்றினால் கண் ஏமாந்துபோகும். அதே சாப்ட்வேரில் போட்டால்தான் பெயர் வெளியே வரும். ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்த சாமிதுரையின் மகள் ஜெயசித்ராவின் கல்யாணப் படங்களில், கூறைப்புடவை ஜரிகைக்குள் தன் பெயரைப் புதைத்தார்.

ஒரே மாதத்தில் ஜெயசித்ரா கடைவீதி ஜவுளிக்கடை பேனரில் நின்றாள். மகள் பேனரில் வந்தால் போதும், யார் எடுத்தால் என்ன என்று சாமிதுரை பெருமையோடு சம்மதித்திருந்தார். படம் எடுத்தது வைத்திலிங்கமாம். கடையின் வருஷ விளம்பர வேலை முழுதும் அவருக்கே என்று பேச்சு. அந்த வேலை வந்தால்தான் செல்லப்பன் ஸ்டுடியோ பிழைக்கும், இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

செல்லப்பன் முறையிட, கடை முதலாளி அண்ணாதுரை முன்னால் பஞ்சாயத்து கூடியது; சாமிதுரையும் வந்திருந்தார். வைத்திலிங்கம் கடைக்குக் கொடுத்திருந்த சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டார் செல்லப்பன். திருடிய ஆள் பெண்ணின் முகத்தைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பாக்கியிருந்தார். எல்லோரும் கேட்பது அதைத்தானே. ஜரிகையை அவர் தொடவேயில்லை. திரையில் செல்லப்பன் பெயர் வந்தது.

சாமிதுரை எழுந்துவிட்டார்.

"எங்கய்யா இருந்துச்சு அது?"

"பொடவை ஜரிகையிலங்க."

"எம்பொண்ணு கூறைப்பொடவையில ஒம்பேரா? மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா என்னாவும்?"

"படத்துலதாங்க. நெஜப் பொடவையில..."

"பேசாதய்யா!"

அண்ணாதுரையும் முகத்தைச் சுளித்தார். "பொம்பளைங்க வந்து போற கடை. கண்ணுக்குத் தெரியாம பேரு எழுதுற ஆள எப்புடி உள்ள விடுறது?"

திருட்டைப் பற்றி ஒரு பேச்சில்லை. வேலை திருடனுக்கே போனது. ச்சீ, இதற்கா இத்தனை நாள் கண்விழித்து அந்த சாப்ட்வேரைப் படித்தோம் என்றிருந்தது செல்லப்பனுக்கு.

பழைய பேனரை இறக்கினார்கள். அதே புடவையில் ஜெயசித்ராவை நிற்கவைத்து வைத்திலிங்கம் புதிதாகப் படம் எடுத்தார். புதுப் பேனர் ஏறிய அன்று, செல்லப்பன் ஸ்டுடியோவைக் காலி செய்துவிட்டுக் கேமராப் பையோடு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தார். கூறைப்புடவைக் கொசுவத்தின் குறுக்கே, முழ நீளச் சிவப்பு எழுத்தில் வைத்திலிங்கத்தின் பெயர். அதற்கு நேர்கீழே சாமிதுரை, மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டு, சிரித்தபடி போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.