ஆண்டவர் முதலில் வாங்கட்டும்

மலர்க்கொடிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வீட்டில் கம்பங்கூழுக்குக் கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாய்கூட இருக்காது, யாராவது "என்ன கொழம்பு?" என்று கேட்டால் "கெண்டை மீனு" என்பாள். செந்துறைப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அதன் பால் பட்டு விரலெல்லாம் வெந்து கறுத்துப்போனவள். புருஷன் செத்த பிறகும் ஒரு படி அரிசி கைமாற்று கேட்டு யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. வீம்பு என்பார்கள். வீம்புதான், யார் இல்லையென்றது? அதை வைத்துத்தான் மகள் மேகலாவை ஆளாக்கினாள்.

2003-ஆம் வருஷம் மழை மறுபடியும் ஏமாற்றியது. மேகலாவுக்கு ஜெயங்கொண்டத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். மாப்பிள்ளையின் அத்தை பரிமளா இதே தெருவில்தான் குடியிருந்தாள். இங்கே ஒருவர் தும்மினால் அடுத்த பஸ்ஸில் அங்கே சேதி போய்விடும். பெண்வீட்டில் சோற்றுக்கே வழியில்லை என்று தெரிந்தால் சம்பந்தம் என்ன ஆகும்?

அந்தக் கோடையில், ஊர்ப் பொது முந்திரித் தோப்பின் குத்தகைப் பணத்தை வருஷாவருஷம் ஊராருக்கே கொடுப்பதென்று முடிவானது. யாருக்கு என்பதில்தான் தகராறு.

"இல்லாதவங்களுக்கு மட்டும் குடுப்போம். எல்லாருக்கும் பிரிச்சா எதுக்கும் பத்தாது" என்றார் இளையபெருமாள் வாத்தியார். நல்ல மனுஷன், இல்லாதவர்களை நினைத்துத்தான் சொன்னார். ஊரும் தலையாட்டியது.

மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டு, மைக்கில் கூப்பிட்டார்: "கஷ்டப்படுறவங்க மட்டும் முன்னால வாங்க!"

ஒரு ஆள் அசைய வேண்டுமே! வெறும் வயிற்றோடு வந்தவர்கள்கூட வானத்தைப் பார்த்தார்கள். மலர்க்கொடி எழப் போனாள். எதிரே பரிமளா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் எழுந்தது, கிணற்றுக்கு மோட்டார் போட்டிருக்கும் வசதிக்காரன் பாவாடை!

"எனக்கென்ன வெக்கம்?" என்றான். கூட்டம் சிரித்தது. மலர்க்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாத்தியாரய்யா, எல்லாருக்குமே குடுத்துடுங்க" என்று எழுந்தாள்.

"மெத்தை வூட்டு ஆண்டவருக்குமா?" என்றார் வாத்தியார்.

"ஆமாங்க."

"பங்கு சின்னதாயிடுமேம்மா."

"சின்னதா இருந்தாலும் தலை நிமுந்து எடுத்துட்டுப் போவலாமுங்க. ரேஷன் கடையில எல்லாரும்தான நிக்கிறோம்? அங்க யாரு மூஞ்சியையும் யாரும் பாக்குறதில்ல."

வாத்தியார் தாடையைத் தடவினார். பெண்கள் பக்கமிருந்து "அதான் சரி" என்று குரல்கள் வந்தன. கடைசியில் அவரும் ஒத்துக்கொண்டார்.

முதலில் ஆண்டவரைக் கூப்பிட்டார்கள். மாடி வீட்டுக்காரர், ஊரிலேயே பெரிய புள்ளி. "எனக்கெதுக்குப்பா? என் பங்க இல்லாதவங்களுக்கே குடுத்துடுங்க" என்றார் தாராளமாக. கூட்டம் கை தட்டியது. மலர்க்கொடி மட்டும் தட்டவில்லை. இவர் வேண்டாமென்றால் அடுத்தவரும் வேண்டாமென்பார். அப்புறம் கை நீட்டுகிறவர்கள் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

"பெரியப்பா, வாங்கிக்குங்க. நீங்க வாங்குனாத்தான் நான் வாங்க முடியும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆண்டவர் அவளைப் பார்த்தார். பிறகு தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு போய், எல்லார் முன்னாலும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

மலர்க்கொடி போய் வரிசையில் நின்றாள். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பின்னாலிருந்து யாரோ முழங்கையைத் தொட்டார்கள். பரிமளா.

"எங்க வூட்டுல நேத்துலேருந்து அடுப்பு பத்த வைக்கல அண்ணி" என்றாள் காதோரமாக.

மலர்க்கொடி ஒதுங்கி, அவளைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.