ஒரே நம்பர் போடாதவர்

நரிக்குடிப் பக்கம் நிலத்தை அளக்க வந்த ஒரு அம்மாவுக்கு நான்கு நாள் கார் ஓட்டினேன். காந்தம் அளக்கும் கருவியைச் சுமந்துகொண்டு கருவேலங்காட்டுக்குள் நடப்பார். ஆழத்தில் சூடு ஏற ஏறப் பாறை காந்தத்தை இழந்துவிடுமாம். எந்த ஆழத்தில் இழக்கிறது என்று கணித்து, நிலத்தடிச் சூட்டைச் சொல்வது அவர் வேலை. நரைத்த கிராப், சேலையில் ஒரு ஊக்குகூட இருக்காது. இரும்பு கிட்டே வந்தால் அளவு கெட்டுவிடும். ஆடு மேய்ப்பவர் அரிவாள் கட்டிய துரட்டியோடு எட்டிப் பார்த்தால்கூட, "அண்ணே, அங்கிட்டுப் போங்க" என்று விரட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளப்பார்.

கடைசி நாள், அந்தச் சூட்டில் கரண்ட் எடுக்க நினைத்து வேலை கொடுத்த கம்பெனியின் மேனேஜர் வந்து அறிக்கையைப் புரட்டினார்.

"மூணு கிலோமீட்டர் ஆழத்துல நூத்திப்பத்துலேருந்து நூத்தறுபது டிகிரின்னா என்னங்க அர்த்தம்? ஒரே நம்பரா நூத்தறுபதுன்னு போடுங்க."

"போட மாட்டேன்."

"வேலை தெரியாதவங்கன்னு நினைப்பாங்க மேடம்."

"நெனைக்கட்டும். எனக்கு எம்புட்டுத் தெரியலங்கிறதையும் அளந்துதான் எழுதியிருக்கேன். நூத்தறுபதுன்னு நீங்களே எழுதிக்கிருங்க. அதுல என் கையெழுத்து இருக்காது."

அந்த அம்மா காரில் ஏறிக் கதவைப் படாரென்று சாத்தினார்.

இப்போதெல்லாம் சவாரி ஏறுகிறவர்கள், மதுரைக்கு எத்தனை மணிக்குப் போவோம் என்று கேட்டால், ஒன்பதரையிலிருந்து பத்தேகாலுக்குள் என்கிறேன். ஒரே நேரமாகச் சொல்லச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். சொல்ல மாட்டேன்.