வடிகாலில் இறங்கிய கயல்விழி

கீழ்வேளூரிலிருந்து கிளம்பும் மினிபஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் அது. அங்கே கயல்விழியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்வேளூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பதைக்கூட ஊர் நிறுத்திவிட்டிருந்தது.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்த வருடம் அவளுக்குத் திருச்சியில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்தது. விடுதிக்கென்று வாளியும் பாயும்கூட வாங்கியாகிவிட்டது. அந்த வாரம்தான் அப்பா ரெத்தினம் நாற்றங்காலில் சுருண்டு விழுந்தார். வலது கையும் காலும் வராமல் போயின. பேச்சில் மிஞ்சியது நாலைந்து சொற்கள். அம்மா முன்பே இறந்திருந்தாள். கத்தாரில் இருந்த அண்ணன் நெடுமாறன், "ஒரு வருசம் பாத்துக்க கயலு, நான் வந்துடுறேன்" என்றான். அவனுக்கு அங்கேயே குடும்பமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள். விடுதிக்கு வாங்கிய பாயைக் கயல்விழி எப்போதோ பிரித்து அப்பாவுக்குக் கீழே விரித்திருந்தாள்.

ரெத்தினம் பண்ணை வேலை பார்த்த வீட்டில் பிறந்தவர். அந்த வம்சத்தில் சொந்தமாக மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், நிலம் வாங்கிய முதல் ஆள் அவர். அதைக் குத்தகைக்கு விட்டுவிடலாமா என்று ஒருமுறை கயல்விழி கேட்டாள். அவர் சோற்றுத் தட்டை இடது கையால் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் மாலை வரை வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காலையில் அவரைத் துடைத்து, ஊட்டி, மினிபஸ்ஸைப் பிடிப்பாள். பகலில் பக்கத்து வீட்டு அம்சம் அவரைப் பார்த்துக்கொள்வாள். மாலையில் வந்து அவருக்குக் காபி கொடுத்துவிட்டு வயலுக்குப் போவாள். பூச்சி விழுந்திருக்கிறதா, எலி வெட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் உலை வைக்கும் நேரமாகிவிடும். கூடப் படித்த இர்ஃபானா மன்னார்குடியில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தாள். அவ்வப்போது போன் செய்வாள். "பிளஸ் டூ பிசிக்ஸுக்கு ஆள் தேடுறாங்கடி. தபால்ல முடிச்ச உன் எம்.எஸ்சி.யே போதும். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு." கயல்விழி சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒருநாள் வகுப்பில் விசை பற்றி நடத்திக்கொண்டிருந்தாள். "ஒரு பொருள் அசையாம இருந்தா, அதுமேல விசையே இல்லன்னு அர்த்தமில்ல. ரெண்டு பக்கமும் சமமா இழுத்தாலும் அது நின்ன இடத்துலதான் நிக்கும்." சொல்லிவிட்டுச் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டாள். "அப்புறம் மிஸ்?" என்று முன் வரிசையில் யாரோ கேட்ட பிறகுதான் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. தூர் கட்டிக்கொண்டிருந்த சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போய்விட்டது. வடிகால் ரோட்டைக் கடக்கிற குழாயின் வாயை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ஓடிவிடும். மழை கொஞ்சம் விட்ட ஒரு மாலை, பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போன் நனைந்துவிடுமென்று வீட்டிலேயே வைத்துவிட்டாள். "வடிகாலப் பாத்துட்டு வந்துடுறேன்ப்பா." கட்டிலில் கிடந்தவர் தலையை ஆட்டினார்.

கோடையில் பொக்லைன் வைத்து அந்த வடிகாலைத் தூர் வாரியிருந்தார்கள். குழாய்க்கு முன்னால் மட்டும் கொஞ்சம் ஆழமாகவே தோண்டிவிட்டார்கள் போலிருக்கிறது. மழையில் வந்த வண்டல் அந்தப் பள்ளத்தில் களியாக நிறைந்து, மேலே பார்த்தால் மற்ற இடத்தைப் போலவே தெரிந்தது. இறங்கி இரண்டு கைப்பிடி தாமரையை இழுத்துக் கரையில் எறிந்தாள். மூன்றாவதற்கு எட்டி அடி வைத்தபோது இடது கால் முழங்கால் வரை உள்ளே போனது. அதை உருவுவதற்காக வலது காலை ஊன்றினாள். அதுவும் போனது.

முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு காலைத் தூக்கினால் உடம்பின் எடை முழுவதும் மற்றக் காலில் இறங்கியது. அது இன்னும் புதைந்தது. தூக்கின கால் ஒரு விரல்கடை மேலே வந்து, கீழே யாரோ பிடித்து இழுப்பதுபோல் திரும்பவும் இறங்கியது. தொடை வரை சேறு ஏறியபோதுதான் ஆட்டத்தை நிறுத்தினாள். தண்ணீர் இடுப்பில் இருந்தது.

அந்த வாரம்தான் அழுத்தம் பாடம் எடுத்திருந்தாள். டயர் வண்டி புதைகிற வயலில் பெல்ட் போட்ட அறுப்பு மெஷின் ஏன் புதையவில்லை என்று கேட்டிருந்தாள். எடை அதேதான், அது பரவுகிற இடம் பெரிது என்று பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். அவளுக்கும் வழி தெரிந்தது. பின்னால் சாய்ந்து, முதுகைத் தண்ணீரில் கிடத்தி, எடையைப் பரப்ப வேண்டும். காலை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல ஆட்டி, பாதத்துக்குக் கீழே தண்ணீரை விட வேண்டும். தெரிந்து என்ன? சாயப் போனாள், கழுத்தில் தண்ணீர் பட்டதும் உடம்பு தானாக நிமிர்ந்துகொண்டது. மறுபடி முயன்றாள். மறுபடியும் நிமிர்ந்தது. கைக்கு எட்டியதெல்லாம் ஆகாயத்தாமரை. பிடித்தால் கையோடு வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. குழாய் அடைத்தே கிடந்ததால் தண்ணீர் ஏறியது. கத்தினாள். ரோட்டில் ஒரு வண்டிகூடப் போகவில்லை. தண்ணீர் மார்புக்குக் கீழே வந்து நின்றபோது, அப்பாவுக்கு இன்னும் மாத்திரை கொடுக்கவில்லையே என்ற நினைப்பு வந்தது. உடனே அவர்மேல் பொல்லாத கோபமும் வந்தது. இந்த மூன்று மாவும் அவரும் சேர்ந்து என்னைப் புதைத்துவிட்டார்கள் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் அழுகை வந்தது.

வீட்டில் ரெத்தினம் வெளிச்சம் மங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கூப்பிட்டுப் பார்த்தார், குரல் மழையில் எழும்பவில்லை. கட்டிலிலிருந்து தானாகவே உருண்டு தரையில் விழுந்தார். இடது கையால் ஊன்றி ஊன்றி வாசற்படி வரை வந்து, எவர்சில்வர் சொம்பைப் படியில் போட்டு அடிக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு அம்சம் ஓடிவந்து பார்த்தாள்.

"என்ன மாமா? கயலு எங்க?"

"வயலு" என்றார். மறுபடி அடித்தார். "வயலு, வயலு."

அம்சமும் அவள் புருஷன் தியாகேசனும் டார்ச்சோடு ஓடினார்கள். தியாகேசன் கரையில் குப்புறப் படுத்து, கயல்விழியின் அக்குளில் கை கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். அவளுக்கு இடது முட்டிக்குள் ஏதோ அறுந்ததுபோல் இருந்தது.

"இழுக்காதீங்க சித்தப்பா! முட்டி பிச்சிக்கிட்டுப் போவுது."

"இழுக்காம எப்புடி புள்ள வெளிய வருவ?"

"ஏணி எடுத்தாங்க. கரைக்குக் கரை குறுக்கப் போடுங்க. நான் அதுமேல மல்லாக்கப் படுத்துக்கறேன். கால நானே எடுத்துடுவேன்."

தியாகேசன் ஓடிப்போய் மூங்கில் ஏணியைத் தூக்கி வந்தார். ஆனால் ஏணி வந்த பிறகும் கயல்விழியால் சாய முடியவில்லை. ஏணி தண்ணீரை ஒட்டிக் கிடந்தது. சாய்ந்தால் காது மூழ்கும். "முடியல சின்னம்மா" என்றாள். அம்சம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் தவழ்ந்து வந்து, அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"வாயில தண்ணி போவாம நான் புடிச்சிருக்கேன். நீ சாயி."

சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வலது பாதத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கணுக்காலைச் சுற்றிக் குளிர்ச்சியாகத் தண்ணீர் இறங்குவது தெரிந்தது. சேறு பிடியைத் தளர்த்தி, கால் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. இடது காலுக்கு இன்னும் அதிக நேரமாயிற்று. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அலறினாள். தியாகேசன் ஏணியின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்குத் தூக்கி வந்தபோது ரெத்தினம் வாசற்படியிலேயே கிடந்தார். நெற்றி புடைத்திருந்தது. அவள் சேற்றுக் காலை இடது கையால் தடவினார். "வேணாம்" என்றார். அழுதுகொண்டே அதையே சொன்னார். எதை வேண்டாமென்கிறார் என்று அவளும் கேட்கவில்லை. அவராலும் சொல்ல முடியவில்லை. வயலைத்தான் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அது சரிதானா என்ற சந்தேகம் அவளுக்குப் பின்னாலும் தீரவில்லை.

முட்டிக்குக் கட்டுப் போட்டு வீட்டில் கிடந்த நாட்களில் தியாகேசனிடம் பேசி, நிலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அப்புறம் நெடுமாறனுக்குப் போன் செய்தாள்.

"அப்பா உசுரோட இருக்கறப்பவே நெலத்த விடுவியா?" என்று அவன் குரலை உயர்த்தினான்.

"விக்கலண்ணே. சித்தப்பா பாப்பாரு. நீ வந்து பாக்குறேன்னா சொல்லு, இப்பவே நிறுத்திக்கிறேன்."

 "உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டான்.

அடுத்து வந்த கோடையில் இர்ஃபானாவின் பள்ளியில் சேர்ந்தாள். மன்னார்குடியில் கீழ்த்தளமாக ஒரு வீடு பிடித்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆய்வகத்தில் ஊசல், திருகு அளவி, லென்ஸ் எல்லாம் அவள் பொறுப்பு. முதல் நாள் அந்த அறையைத் திறந்தபோது வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. முட்டி மட்டும் பழையபடி மடங்கவில்லை. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தே பாடம் எடுத்தாள்.

ரெத்தினத்தின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. அதன் வழியே தெரிந்தது பக்கத்து வீட்டு மதில் ஒன்றுதான். வந்த முதல் மாதம் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஊட்டினால் வாங்கிக்கொண்டார். தன்னை விடுவித்துக்கொண்டு இவரை இங்கே அடைத்துவிட்டோமோ என்று அவளுக்குச் சோறு பிசையும்போதெல்லாம் தோன்றும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்து அவரை ஊருக்குக் கூட்டிப்போவாள். வரப்பில் தூக்கிக்கொண்டு போக முடியாது. ரோட்டோரம் ஆட்டோவை நிறுத்தச் சொல்வாள்; அவர் உள்ளே உட்கார்ந்தபடியே வயலைப் பார்ப்பார். தியாகேசன் வந்து தண்ணீர், உரம், களை என்று எல்லாவற்றையும் ஒப்பிப்பார். கேட்டுக்கொள்வார். பிறகு, போகலாம் என்று டிரைவரின் தோளை இடது கையால் தட்டுவார்.